அது எத்தனை பேர்?

அந்தக் கார் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒவ்வொரு காரணம் சொன்னேன். எல்லாம் பொய். பதுளை ரோட்டில் ஒரு கார் சேல் வாசலில் அதைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். சிவப்பு நிறம், இரண்டே கதவு, இரண்டே சீட், தரையோடு தரையாக நின்றது. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன், வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். எதற்கும் உதவாத ஒரு பொருளுக்கு அதுவரை நான் ஆசைப்பட்டதே இல்லை. முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஆசைப்பட்டேன், அதற்குள் ஆளுக்கு ஆள் விசாரணை வைத்துவிட்டார்கள்.

நான் பண்டாரவளையில் ஒரு கடைக்கு மேலே வாடகை அறையில் இருந்துகொண்டு, வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் டொலரில் வருகிறது. தெமோதரைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்த ஒருத்திக்கு டொலரில் சம்பளம் என்றால், அந்தச் செய்தி அவளுக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்விடும். காது குத்து, கோயில் வரி, கூரைத் தகரம் எல்லாம் என்னைத் தேடித்தான் வரும். கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன், யாரும் கணக்குக் கேட்டதில்லை.

அடுத்தவர்களின் வரவு செலவைச் சரிபார்ப்பது என் தொழில். என் காருக்கும் அப்படியே ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். முன்பணத்துக்குச் சேமிப்பு இருந்தது. லீசிங் தவணை, இன்சூரன்ஸ், டயர், பெற்றோல் எல்லாவற்றுக்கும் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். வாடகை, சாப்பாடு, அம்மாவின் மருந்து போகவும் கையில் சொற்பம் மிஞ்சும். வேலை போனால் காரும் போகும், அதையும் யோசித்தேன். முட்டாள்தனமான செலவுதான், ஆனால் என்னால் தாங்கக்கூடிய முட்டாள்தனம்.

லீசிங் அலுவலர் போனில் பேசினார்.

"சம்பளம் பிரச்சின இல்ல மிஸ். நிரந்தர முகவரி தோட்டம்னு போட்டிருக்கீங்க. வீட்டு உறுதி ஏதும் இருக்கா?"

அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்த தோட்டம் அது. அவள் படுத்து எழும்பும் அறை இன்றைக்கும் தோட்டத்துக்குத்தான் சொந்தம். உறுதிப் பத்திரத்துக்கு எங்கே போவது? இதையெல்லாம் அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அப்படியென்றால் இரண்டு பேர் பிணைக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அதனால்தான் தம்பியிடம் போக வேண்டி வந்தது.

தம்பி தெமோதரையில் ஆட்டோ ஓட்டுகிறான். விஷயத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தான்.

"ரெண்டு சீட்டா? ஒனக்குப் பக்கத்துல ஒக்கார யாரு இருக்காங்கக்கா?"

இப்படியொரு பேச்சு வரும் என்று தெரிந்துதான் போயிருந்தேன். இருந்தாலும் சுருக்கென்றது.

"அந்தக் காசுக்கு ஒரு வேன எடுத்தா ஹயர் ஓடலாம், ஸ்கூல் புள்ளைங்கள ஏத்தலாம்" என்றான். "மொதல்ல ஒஞ் சம்பளம் இதத் தாங்குமா?"

கீழே கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர்கூட, மாதா மாதம் முதல் தேதியில் என்னிடம் வாடகை எண்ணி வாங்குகிறவர், "தாங்குமா மகள்?" என்று கவலையோடு கேட்டார். ஊரே என் சம்பளத்துக்கு நாடி பிடித்துப் பார்த்தது.

கடைசியில் தம்பியும் வீட்டுக்காரரும் பிணைக்குச் சம்மதித்தார்கள். கையெழுத்துப் போடுமுன் அம்மாவிடம் காரைக் காட்ட வேண்டும்போல் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியின் ஆட்டோவிலேயே மூவரும் பதுளைக்குப் போனோம். அம்மா நல்ல சேலை கட்டியிருந்தாள். காரைத் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு அங்கே நின்ற விற்பனையாளரிடம் விலை கேட்டாள்.

"ஒன்றரைக் கோடிம்மா."

அம்மா தலையை ஆட்டினாள். காதில் சரியாக விழாதபோதும் அவள் அப்படித்தான் ஆட்டுவாள். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி கேட்டாள்.

"அது எத்தன பேருங்க?"

"ரெண்டு பேர்தாம்மா" என்றார் அவர். "அதுக்கு மேல ஏலாது."

தோட்டத்தில் பேர் என்றால் ஆள் அல்ல, ஒரு நாள் வேலை. கொழுந்து நிறை சரியாக இருந்தால் அன்றைக்கு ஒரு பேர் விழும், நிறை குறைந்தால் அரைப்பேர்தான். அம்மா ஒருநாளும் எதையும் ரூபாயில் நினைத்துப் பார்த்தவள் இல்லை. என் பள்ளிச் சப்பாத்து இத்தனை பேர், தம்பியின் காய்ச்சலுக்கு இத்தனை பேர் என்றுதான் சொல்லுவாள். டவுன் மனிதருக்கு இது எப்படித் தெரியும்?

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. தன்னைக் கேலி செய்கிறார் என்றே நினைத்துவிட்டாள்.

"ஏங்க, தோட்டத்து ஆளுன்னா ஒண்ணும் வெளங்காதுன்னு நெனச்சீங்களா? ரெண்டு பேருக்கு ஒரு நல்ல செருப்பு வாங்க ஏலாது, காரு குடுக்கிறீங்களா காரு?"

அந்த மனிதர் விழித்தார். "இல்லம்மா, சீட்டு ரெண்டுதானே, அதச் சொன்னேன்" என்றார். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் இரண்டு பக்கமும் விளக்கிச் சொன்னேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார், தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அம்மா அதைக் குடித்தாள், ஆனால் காரை அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

வரும் வழியில் ஆட்டோவில் கேட்டாள். "நெசமா அது எத்தன பேரு புள்ள?"

"விடும்மா" என்றேன். தம்பி விடவில்லை. பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் போனில் கணக்குப் போட்டு, இத்தனை ஆயிரம் பேர் என்று வாசித்தான்.

அம்மா முன்னால் குனிந்து அவனிடம் கேட்டாள். "நா தோட்டத்துல வேலைக்குப் பேர் பதிஞ்ச நாள்லருந்து போட்ட பேரு அம்புட்டையும் சேத்தா?"

"இன்னைக்குக் குடுக்கிற சம்பளத்துக்குப் போட்டாக்கூட காணாதும்மா."

"அப்ப நா பூராவும் சேந்து ஒரு காருக்குக் காணமாட்டேன்" என்றாள்.

அவள் குறைப்பட்டுச் சொல்லவில்லை. தக்காளி விலை ஏறிவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள். பிறகு என் கையைத் தட்டி, "ஒனக்கு ஆசன்னா வாங்கு புள்ள, நீ சம்பாரிச்சது" என்றாள். மனதாரச் சொன்னாள். வேண்டாம் என்று மறித்திருந்தால் சண்டை போட்டாவது வாங்கியிருப்பேன்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவளுடைய ஒரு நாளுக்கு அந்த விலை வைத்தவர்கள் மேல் வந்தது. கார் வாங்காமல் விட்டால் அவளுக்கு ஒரு அரைப்பேராவது கூடுமா? கூடாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்தச் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க இனி முடியாது என்று பட்டது. அடுத்த நாள் போன் செய்து கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் பாராட்டினார்கள். வீட்டுக்காரர் "நல்ல முடிவு மகள்" என்றார். அக்காவுக்குப் புத்தி வந்துவிட்டது என்று தம்பி லயமெல்லாம் சொல்லித் திரிந்தான். மாதம் முடியுமுன் அவனே என் அறைக்கு வந்தான், கையில் லீசிங் பத்திரங்கள். வேன் பார்த்து வைத்திருந்தான். அவனுடைய வருமானத்துக்குக் கொடுக்க மாட்டார்களாம், என் பெயரில் எடுக்க வேண்டுமாம்.

"எப்பிடியும் நீ காருக்கு ஒதுக்கி வச்ச காசுதானக்கா" என்றான்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். தனக்கென்றால் கோடிக்கணக்கில் செலவழிக்கப் பார்த்தாள், தம்பிக்கென்றால் கை வரவில்லை என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

கோயிலடியில் வேனுக்குப் பூசை வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து ஏறினார்கள், நான் பஸ்ஸில் பண்டாரவளைக்குத் திரும்பினேன். தவணை மாதா மாதம் என் சம்பளத்திலிருந்து போகிறது, காருக்குப் போட்ட கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. தாங்குமா என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.