மலைக்கோட்டையில் என் தம்பி உட்கார்ந்த அறை

பல வருடச் சிறைவாசம் முடிந்து சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வந்த என் தம்பி, தெருவில் இறங்கவே மறுத்தான். "சின்னதுல மலைக்கோட்டை பாக்கணும்னு அழுவியேலே, வா போவோம்" என்று வற்புறுத்தி அவனைத் திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போனேன்.

பாறைப் படிகளில் ஏறும்போது லேசாகச் சிரித்தான். எனக்குத் தெம்பு வந்தது.

மேலே காவலாளி ஒருவர் பீரங்கி மேடையையும் வெடிமருந்துக் கிடங்கையும் காட்டிவிட்டு, சில இருட்டறைகளின் முன்னால் நின்றார். "இங்கதாம்மா அந்தக் காலத்துல கைதிகளை அடைச்சு வச்சாங்க."

சட்டென்று திரும்பினால் தம்பியைக் காணோம். ஓர் அறைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, வெளிய வாலே!" என்று பதறினேன்.

"சத்தம் போடாதக்கா. இங்கனதான் எனக்கு மூச்சு விட முடியுது. வெளிய எல்லாரும் என்னையே பாக்காவ."

அவன் முகத்தில் வருத்தமே இல்லை. அந்த நிம்மதிதான் என்னை உடைத்தது. இழுத்து வர மனம் வராமல், நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஊர் திரும்பிவிட்டோம். அவன் அறைக் கதவை யாரும் பூட்டுவதில்லை. ஆனாலும் நான் போய்த் திறந்து கூப்பிட்டால்தான் வெளியே வருகிறான். அவனுக்கு விடுதலை கிடைக்க வேண்டிக் கோமதியம்மனுக்கு மாவிளக்கு ஏற்றியவள் நான். இனி அவளிடம் என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.