மூட்டத்தில் விழுந்த ஓட்டை

பரீட்சை வந்துவிட்டால் வெள்ளத்துரை வீடு அம்மை கண்ட வீடு மாதிரி ஆகிவிடும். டிவிக்குத் துணி போட்டு மூடிவிடுவார்கள். வாசலுக்கு வருகிறவர்களைப் பார்த்து அவர் மனைவி சரஸ்வதி வாயில் விரல் வைத்து உள்ளே கை காட்டுவாள். உள்ளே இருப்பது மகள் தீபலட்சுமி. அருப்புக்கோட்டையில் கல்லூரி, கணக்குப் பாடம், இரண்டாம் வருடம். பரளச்சிப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அதுவே பெரிய படிப்பு.

அந்த மரியாதைதான் அவளுக்கு வினையாகப் போனது. போன செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர் விழுந்ததிலிருந்து புத்தகத்தைத் திறந்தாலே பயம் பிடித்துக்கொண்டது. படித்த வரியையே மறுபடி மறுபடி படித்தாள். அம்மா காப்பித் தம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நுனிக்காலில் நடந்து போவதைப் பார்த்தால் அழுகை முட்டும். இத்தனையும் வாங்கிக்கொண்டு மறுபடியும் கோட்டை விட்டால் என்ன செய்வது? வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போக ஆரம்பித்தாள்.

அவர்கள் காட்டில் கரிமூட்டம் எரிந்துகொண்டிருந்தது. மழை பொய்த்துத் தரிசாகக் கிடந்த நிலத்தில் மண்டிய சீமைக்கருவேலை வெட்டி, கட்டைகளைக் குவித்து, மேலே செத்தையும் ஈரமண்ணும் பூசித் தீ வைத்திருந்தார்கள். காற்றுப் புகாமல் உள்ளுக்குள்ளேயே வெந்தால் கரி. எங்காவது மண் சரிந்து ஓட்டை விழுந்தால் உள்ளே தீப்பிடித்து வெறும் சாம்பல். அதனால் ஆள் மாற்றி ஆள் கண்ணுக்குள் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருக்க வேண்டும். இந்த வேலையில் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் மொக்கையன்தான். தீபலட்சுமிக்கு ஊர்முறையில் சித்தப்பா.

ஒருநாள் அவருக்கு மாற்று ஆள் வரவில்லை. பசி முகத்தில் தெரிந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த தீபலட்சுமிதான், போய்ச் சாப்பிட்டு வாங்க, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவருக்கு மனசே இல்லை. படிக்கிற பிள்ளையைக் காவல் வைத்தால் உங்கப்பா என்னை உரித்துவிடுவார் என்றார். பிறகு, ஓட்டை விழுந்தால் போட மண் குழைத்து வைத்திருக்கிறேன் என்று காட்டிவிட்டுப் போனார். அவள் சின்னதிலிருந்து பார்க்கிற வேலைதான்.

அவர் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் அந்த அதிசயம் நடந்தது. வாரக்கணக்காக மண்டையில் ஏறாத ஒரு தேற்றம், அரியர் விழுந்த அதே பேப்பரில் உள்ளது, மெல்லப் புரிய ஆரம்பித்தது. ஒரு வரி, அதற்கு அடுத்த வரி. அந்த நேரம் பார்த்து மூட்டத்தின் விலாப்பக்கம் புகை பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். எழுந்தால் பிடிபட்டது நழுவிவிடும் என்று பயம். இந்த ஒரு பக்கம் முடியட்டும் என்று குனிந்துகொண்டாள்.

நிமிர்ந்தபோது ஓட்டைக்குள் தீ செக்கச்செவேலென்று தெரிந்தது. பதறிப்போய் மண்ணை அள்ளி அள்ளி அப்பினாள். ஒருவழியாக ஓட்டை மூடியது; உள்ளே பிடித்த தீ என்ன ஆனதென்று தெரியவில்லை. திரும்பி வந்த மொக்கையன் ஈரமண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டார். லேசாக விரிசல் விட்டது, பூசிவிட்டேன் என்றாள். கெட்டிக்காரி என்று சிரித்தார்.

அந்தத் தேற்றம் பரீட்சையில் வந்தது. ஒரு வரி பிசகாமல் எழுதினாள். பஸ்ஸில் திரும்பும்போது சந்தோஷமாக இருக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

மூட்டம் ஆறிப் பிரித்தபோது பாதிக்கு மேல் சாம்பல். கரி ஏற்ற வந்த லாரிக்காரர் முன்னாலேயே வெள்ளத்துரை மொக்கையனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். தூங்குவதற்கா உன்னைக் காவல் வைத்தேன் என்றார். மொக்கையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தீபலட்சுமி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி வேப்பமரத்தடியில் நின்றாள். இன்னும் ஒரு பரீட்சை பாக்கி, அது முடியட்டும், சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். இந்த ஒரு பக்கம் முடியட்டும் என்று சொன்னதும் இதே மனசுதான் என்பது உறைத்தபோது தன்மீதே அருவருப்பாக இருந்தது.

சோறு இறங்கவில்லை. பரீட்சைப் பயம் என்று சரஸ்வதி கன்னத்தைத் தடவித் திருநீறு பூசினாள். அதைத்தான் தாங்கவே முடியவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் மொக்கையன் வீட்டுக்குப் போனாள். நரிக்குடிப் பக்கம் ஒரு மூட்டத்துக்கு அவரைப் பேசியிருந்தவர்கள், விஷயம் கேள்விப்பட்டு வேறு ஆள் பார்த்துவிட்டதாக அவர் மனைவி ராக்கம்மாள் சொன்னாள். தீபலட்சுமி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மொக்கையன் கோபப்படுவார் என்றுதான் நினைத்திருந்தாள்.

"நான் நெசமாவே தூங்கிட்டேன் போலன்னு நானே ஒத்துக்கிட்டேனே தாயி," என்றார். "மூட்டத்துக்கு மண்ணப் பூசவே பயமாருக்கு இப்ப."

அவளால் தலை நிமிர முடியவில்லை. மொக்கையன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வா. இத உங்கப்பாகிட்ட, எனக்கு முன்னால சொல்லு."

வெள்ளத்துரை வாசலில் ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். மொக்கையனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகளைப் பார்த்ததும் குரல் தானாகத் தணிந்தது.

"நாளைக்கிப் பரீட்சைய வச்சுக்கிட்டு இங்கன என்னத்தா நிக்கிற? உள்ள போயிப் படி."

"நான் படிச்சதுனாலதாம்ப்பா மூட்டம் போச்சு," என்றாள் தீபலட்சுமி. "ஓட்டையப் பாத்தேன். பாத்துட்டும் எந்திரிக்கல."