புளிக்கக் கூடாத மாவு

திருநெல்வேலிப் பேட்டைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆலையில் அரிசிக் குருணையிலிருந்து எரிசாராயம் எடுக்கிறோம். பெட்ரோலில் கலப்பதற்கு. இதை உறவினர்களிடம் விளக்கிக் களைத்துவிட்டேன். "பெட்ரோலுக்கா? சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே மூக்கை என் வாயருகே கொண்டுவருகிறார்கள். அங்கே நொதித்தல் பிரிவுக்கு நான் பொறுப்பு. படித்தது நுண்ணுயிரியல், பார்ப்பது ஈஸ்டுக்கு ஆயா வேலை.

குருணையை மாவாக்கி, கஞ்சியாக வேகவைத்து, அதிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்து, ஈஸ்டுக்குப் படைக்கவேண்டும். தின்றுவிட்டு அது சாராயம் தரும். ஆனால் பந்தி என்று தெரிந்தால் அழையாதவர்களும் வந்து உட்காருவார்கள். பாக்டீரியா வந்தால் அதே சர்க்கரையைத் தின்றுவிட்டுப் புளிப்பை மட்டும் விட்டுப்போகும். புளிப்பு ஏறினால் ஈஸ்ட் சோர்ந்து படுத்துவிடும். சாராயம் பாதியாகும்.

போன மழைக்காலத்தில் அடுத்தடுத்து இரண்டு தொட்டிகள் புளித்துப்போயின. முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னவே இது, மோர்ப்பந்தலா வச்சிருக்கீரு? அடுத்த தொட்டியும் இப்படி ஆச்சுன்னா நீரு வீட்டுல இருந்தே மோர் குடிக்கலாம்."

ஐம்பதை நெருங்கும் நுண்ணுயிரியல்காரனுக்குத் திருநெல்வேலியில் வேறு என்ன வேலை கிடைக்கும் என்று யோசித்தேன். டியூஷன் தவிர எதுவும் தோன்றவில்லை. அதிலும் கணக்குக்குத்தான் பிள்ளைகள் வருகிறார்கள்.

தண்ணீரைச் சோதித்தேன். ஈஸ்ட் பையைச் சோதித்தேன். கஞ்சியைக் குளிரவைக்கும் தகடுகளைக் கழற்றிச் சோதித்தேன். எல்லாமே உத்தமர்கள். புளித்த கஞ்சியில் ஒரு சொட்டை மட்டும் நுண்ணோக்கியில் வைத்தால், உருண்டை உருண்டையாக ஈஸ்ட், நடுவே குச்சி குச்சியாகப் பாக்டீரியா, சித்திரைத் தேர்க் கூட்டம் போல. எந்த வழியாக வந்தன என்று மட்டும் தெரியவில்லை.

கடைசியில், புளித்த தொட்டியைக் காலிசெய்து கழுவுவதைப் பார்க்கப் போனேன். கழுவுகிற குழுவின் மேஸ்திரி முக்கூடல்காரர், என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னைச் சார்வாள் என்பார். தொட்டி முழுதாக வடியும் முன்பே அவர் அடிக்குழாயை மூடினார்.

"அடியில இன்னும் கிடக்கே, அண்ணாச்சி?"

"கிடக்கட்டும் சார்வாள். கொஞ்சம் கிடக்கணும்லா."

"எதுக்கு?"

"அடுத்த மாவுக்கு உறை வேண்டாமா? சட்டிய வழிச்சுக் கழுவிட்டா மறுநா மாவு பொங்குமா? எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க."

"அப்ப காஸ்டிக் சோடா விடுதது?"

"மேலாக்க ஒரு சுத்து காட்டுதோம். அடிவரைக்கும் விட்டா உறை செத்துரும்லா."

"இதை உங்களுக்கு யாரு சொன்னா?"

அண்ணாச்சி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்கதான். வகுப்புல. 'இது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, நம்ம வீட்டு இட்லி மாவுதான்'னு சொன்னியளே. நாங்கூட கைதட்டுனேன்."

மழைக்கு முன்பு தொழிலாளர்களுக்கு நான் எடுத்த பயிற்சி வகுப்பு அது. தட்டினார்கள். அந்தக் கைதட்டலோடு நான் மிதந்துதான் வீடு போனேன். அதே வகுப்பில் தொட்டி கழுவுவதைப் பற்றியும் நெடுநேரம் பேசினேன். அது ஒருவர் காதிலும் ஏறவில்லை. இட்லி மாவு என்று சொன்ன பிறகு தமிழனுக்கு வேறு பாடம் எதற்கு? அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அண்ணாச்சியை நுண்ணோக்கி முன் உட்காரவைத்துக் குச்சிகளைக் காட்டினேன்.

"இதுவா வீட்டு மாவுலயும் இருக்கு?"

"இதோட சொந்தக்காரங்க."

"அப்ப நல்லதுதான?"

"வீட்டுல நல்லது. இங்கன திருடன்."

"காலங்காத்தால திருடனையா சட்னி தொட்டுத் திங்குதோம்?" என்று முனகினாலும், இறங்கிப்போய் அடிக்குழாயை முழுக்கத் திறந்தார். சுடுநீர், காஸ்டிக் சோடா, மறுபடி சுடுநீர், குழாய்களுக்குள் நீராவி. பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை.

புதுக் கஞ்சி ஏறியது. புளிப்பைச் சோதிக்க நான் மணிக்கொரு தரம் எழுந்து வெளியே ஓடிய ஓட்டத்தில் ஆய்வகப் பெண்கள் எனக்குச் சர்க்கரை வியாதி என்று முடிவு கட்டினார்கள். புளிப்பு ஏறவில்லை. முதலாளி வந்து மோந்து பார்த்தார்.

"மணத்தையே காணோம். வேலை செய்யுதா, தூங்குதா?"

காய்ச்சிப் பார்த்ததில் சாராயம் குறையாமல் இருந்தது. முதலாளி ஆய்வகத்துக்கு வந்து தீர்ப்புச் சொன்னார். "சரி, நீரு இரும். ஆனா இனிமே வகுப்பு அண்ணாச்சி எடுக்கட்டும். நீரு வாயத் திறக்கப்படாது."

வேலை தங்கியதே பெரிது என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி தொடங்கினார்.

"ஏலே, துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்தா எப்படிக் குளிப்பிய? தலையோட, ஒரு இடம் விடாம. தொட்டியும் அப்படித்தான். அது உள்ள இப்பந்தான் ஒரு சாவு நடந்திருக்கு."

பிரமாதம். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "குளிச்சு முடிச்சுக் கொஞ்சம் மஞ்சத்தண்ணி தெளிக்கணுமே, அண்ணாச்சி?"

அண்ணாச்சி யோசித்தார். "தெளிச்சுரலாம். ஆத்துல ஒரு செம்பு மோந்துட்டு வந்தா போச்சு. தாமிரபரணித் தண்ணியில என்ன தோஷம் இருக்கும்?"

வாயைத் திறக்கக்கூடாது என்ற உத்தரவை அங்கேயே மீறினேன்.