அழித்த பின்னும் வளர்ந்த கோப்பு

கந்தசாமி மறைந்த செய்தி, ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது என் அலைபேசிக்கு வந்தது. கிணத்துக்கடவிலிருந்து அவர் மனைவி சாந்தாமணி எழுதியிருந்தார்: "அவரு காலையில போயிட்டாருங்க ஐயா." ஆர்.எஸ்.புரம் வீட்டுக்குத் திரும்பி, செபமும் சொல்லாமல் கணினியைத் திறந்தேன். நாங்கள் இருவரும் பகிர்ந்துகொண்ட கோப்புறை அவர் வீட்டுக் கணினியில் இருப்பது. அதில் ஒரு கோப்பு வளர்ந்துகொண்டிருந்தது.

இதைப் படிக்கும் நிரலாளர் குழுவினரே, உங்களில் பலர் அவரை நிரல் திருத்தங்களின் அடியில் வரும் பெயராக மட்டுமே அறிவீர்கள். கணினியின் கோப்புகளைக் காப்பது அதன் உட்கரு. அந்தக் கருவைத் தொடாமல், வெளியே ஓடும் சாதாரண நிரலும் எதையும் கோப்புறையாகக் காட்ட வழிசெய்யும் நிரல்நூலகம் ஒன்றை, எழுதியவர்கள் விலகிய பின் அவர் ஊதியமின்றிப் பேணிவந்தார். எங்கள் பங்குக் கோயிலின் பழைய கையெழுத்துப் பாடல்களை அதன் துணையால்தான் அடுக்கினேன். குறை சொல்ல எழுதிய முதல் மடலே நட்பாயிற்று. "தப்பை மொதல்ல என் ஊட்டுக்குக் கூட்டியாரோணுங்க. அதோட உக்காந்து ஒரு காப்பி குடிச்சாத்தான் அது யாருன்னு தெரியும்" என்பார். பிறர் கணினியில் நேர்ந்த பிழையைத் தம் கணினியில் நேரச்செய்து காணும்வரை ஒரு வரியையும் அவர் மாற்றியதில்லை.

ஒருமுறை நான் ஒரு பாடல் பக்கத்தின் கோப்பை அழித்தேன். அதே இடத்தில், புள்ளியில் தொடங்கும் விநோதப் பெயருடன் வேறொரு கோப்பு தோன்றியது. அதையும் அழித்தேன், இன்னொன்று வந்தது. வேதத்தில் ஊறியவன் என்று பெயர், ஆயினும் பேயோ என்று அவரை அழைத்தேன்.

"பேயெல்லாம் இல்லீங்க ஐயா" என்றார் தொலைபேசியில். "அதை யாரோ தொறந்து வெச்சிருக்கறாங்க. அழிச்சாலும், புடிச்ச ஆளு விடற வரைக்கும் அது ஒளிஞ்சுட்டு இருக்கும். திரையில உங்க இன்னொரு சன்னலைப் பாருங்க."

பார்த்தேன். திறந்து வைத்திருந்தவன் நானே.

"அப்பப் பேயும் நீங்கதானுங்க" என்று சிரித்தார்.

ஆனால் சில வேளைகளில், எல்லாரும் விட்ட பிறகும் அந்த ஒளிந்த கோப்புகள் போகாமல் நின்றன. அந்தக் குறையை ஒரு மழைக்காலம் முழுவதும் துரத்தினார். தொலைபேசியில் அவருக்குப் பின்னாலிருந்து சாந்தாமணி, "என்னைக்கூட இத்தனை தடவை திரும்பிப் பாத்திருக்க மாட்டாருங்க" என்று குத்துவது கேட்கும். இறப்பதற்கு முந்தைய நாள் மாலை அழைத்தார். "ரூம்ல கேக்கற சத்தத்தையே ஒரு கோப்புல எழுத விட்டு, அந்தக் கோப்பை அழிச்சுபோட்டேனுங்க. அஞ்சாறு நாளு ஒளிஞ்சு வளரட்டும். அப்புறம் மூடோணும். மறைஞ்சா திருத்தம் சரி. நின்னா மறுக்கா மொதல்ல இருந்துதான்."

அந்தக் கோப்புதான் வளர்ந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் சாந்தாமணி அழைத்தார். "உள்ளே கம்ப்யூட்டர் வெளக்கு மினுக்கிட்டே இருக்குதுங்க. அணைச்சுபோடச் சொல்றாங்க. எனக்குக் கை வரலை. நான் அந்த ரூமுக்குள்ள காலே வெக்கலீங்க." உக்கடத்தில் பேருந்து ஏறிச் சென்றேன். அவர் கதவருகே நிற்க, நான் அமர்ந்து கோப்பை ஒலிக்கவிட்டேன்.

முதலில் கந்தசாமியின் இருமல். நாற்காலி நகரும் ஓசை. "வாரேன், வாரேன்" என்ற குரல். பிறகு நெடுநேரம் கணினியின் விசிறி மட்டும். அவர் இல்லாத நாள்களுக்கு நகர்த்தினேன். கதவு இருமுறை தட்டப்பட்டது.

"ஏனுங்க, சாப்பிட வாரீங்களா?" சாந்தாமணியின் குரல், கதவுக்கு வெளியிலிருந்து.

விசிறி சுழன்றது. ஒரு மறுமொழிக்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம்.

"சரிங்க" என்று அதே குரல் சொல்லிவிட்டு நகர்ந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அந்த இடைவெளியில் வேறேதும் பதிவாகியிருக்கவில்லை. நான் இருமுறை செவிகொடுத்துக் கேட்டேன். எதற்குச் சரி என்றீர்கள் என்று கதவருகே நின்றவரைத் திரும்பிக் கேட்கத் துணிவில்லை. பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால், ஒலிபெருக்கியிலிருந்து இப்போது, சற்றுமுன் இந்த அறைக்குள் வந்த என் காலடியே கேட்டது. நிறுத்தினேன்.

மூடினால் அவர் குரல் என்றைக்குமாகப் போகும். மூடாவிட்டால் அவர் கடைசித் திருத்தம் சரியா என்று யாரும் அறியார். "ஒரு படி எடுத்துக்கொள்கிறேன் அம்மா, பிறகு மூடுவோம்" என்றேன்.

"வேண்டாமுங்க. நான் சாப்பிடக் கேட்டது அவரைங்க. ஊரு கேக்கறதுக்கில்லை." பிறகு மெல்ல, "அழிச்சது அவருதானுங்களே? எதை அமுத்தோணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

முதன்முறையாக அறைக்குள் வந்தார். நான் காட்டிய விசையை அவரே அழுத்தினார். கோப்புறையை மீண்டும் திறந்தோம். ஒன்றுமில்லை.

"போயிருச்சுங்களா?"

"போய்விட்டது அம்மா. அவர் திருத்தம் சரி."

அவர் தலையசைத்தார், அழவில்லை. அன்று மாலையே உங்கள் குழுவுக்கு ஒரே வரி எழுதினேன்: சோதனை தேறியது.

பழம்பாடல்களில் கையறுநிலை என்றொரு துறை உண்டு. இறந்தவரைப் பாடுவோர் அவர் ஏறிய யானையையும் வறிதான முற்றத்தையும் சொல்வர். எனக்கு எஞ்சியது அந்த இடைவெளி ஒன்றே. நாள்தோறும் மரித்தோருக்கான மன்றாட்டில் கந்தசாமியின் பெயரைச் சொன்னதும், இப்போது அவ்வளவு நேரம் நிறுத்துகிறேன். மறுமொழி வராது என்று அறிவேன். ஆயினும் முந்திக்கொண்டு அடுத்த பெயரைச் சொல்ல மனம் வரவில்லை.