ரெண்டாவது தேர்வாளர் வரல

எங்க ஜோஸ்பினைப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். அவ மேல இல்ல. அவ சேந்து படிச்ச இங்கிலாந்து யுனிவர்சிட்டி மேல.

திண்டுக்கல்ல காது கேளாத பிள்ளைக படிக்கிற பள்ளிக்கூடத்துல அவ நாலாம் வகுப்பு டீச்சர், நான் அஞ்சாம் வகுப்பு. ஒவ்வொரு ஜூன் மாசமும் அவளுக்கு ஒரே புலம்பல்தான். "அஞ்சு வயசுல கொண்டாந்து விடுறாக மேரி. கைக்குழந்தையிலயே வந்திருந்தா இம்புட்டு கஷ்டம் இருக்காதே." கைக்குழந்தைகளுக்குன்னு ஒரு வகுப்பு தொடங்கணும், அதான் அவ ஆசை. செயலாளர் சார் முடிவாச் சொல்லிட்டாரு: "அதுக்குன்னு பெரிய படிப்பு இருக்கும்மா. பட்டத்தோட வா, ரூம் தாரேன்."

அந்தப் படிப்பை இங்கிலாந்துல கரஸ்ல குடுத்தாக. பகல்ல பள்ளிக்கூடம், ராத்திரி கம்ப்யூட்டர். சோறு வடிக்கிறது புருசன் ஸ்டீபன்ராஜ். எல்லாம் முடிஞ்சு ஒரு தேர்வுதான் பாக்கி. இவ வகுப்பெடுக்கிறதை ரெண்டு தேர்வாளர்க அங்கேருந்து வீடியோவுல பாத்து மார்க் போடணும்.

அப்ப வந்துச்சு பாருங்க ஒரு மெயில். யுனிவர்சிட்டிக்கு வார நிதியைக் குறைச்சுட்டாகளாம், அந்தத் துறையையே மூடுறாகளாம். அங்கனயே இருந்து படிக்கிறவுகளுக்கு வேற இடம் பாத்துக் குடுத்தாச்சு. வெளிநாட்டுல இருக்கிறவுக அடுத்த வருசத் தேர்வை இந்த மாசத்துக்குள்ள முடிக்கணும். இல்லாட்டி பட்டம் இல்ல, சின்னதா ஒரு சான்றிதழ்தான். "அவனுக சிக்கனம் பிடிக்க நீதான் கெடைச்சியாடி?"ன்னு நான் கத்துனேன். ஜோஸ்பின் கிடைச்ச கடைசித் தேதிக்குப் பேர் குடுத்தா.

அன்னைக்குன்னு பாத்து மாசாந்திர பராமரிப்புன்னு கரண்ட்டை நிறுத்திட்டாக. என் போன்ல நெட் போட்டு லேப்டாப்புல சேத்தோம். திரையில ரெண்டு கட்டம். ஒண்ணுல நரைச்ச தலையோட ஹெலன் அம்மா. இன்னொண்ணு வெறும் இருட்டு, கீழ பேர் மட்டும். "அவர் வந்துருவாரு, நீங்க தொடங்குங்க"ன்னாக ஹெலன்.

ஜோஸ்பின் பிளாஸ்க்கைத் திறந்து ஆவி மேல தட்டைக் கவுத்தா. மழை எப்படி வருதுன்னு பாடம். தட்டுல சொட்டு சொட்டாத் தண்ணி கோத்ததும் பிள்ளைக எந்திரிச்சே நின்னுருச்சுக. நான் அதைச் சரியாப் பாக்கவே இல்ல. என் கண்ணு பூராம் அந்த இருட்டுக் கட்டத்து மேலதான். மாதாவே, அந்த ஆளை எப்படியாச்சும் கொண்டாந்து உக்கார வையி!

பாடம் முடியவும் சத்தம் நின்னு போச்சு. ஹெலன் வாய் அசையுது, ஒண்ணும் கேக்கல. ஜோஸ்பினுக்கு மூஞ்சி வெளுத்துருச்சு. உடனே அந்தம்மா ரெண்டு கையையும் தூக்கி, விரலால இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொண்ணாக் காட்டுனாக. விரல் எழுத்து அங்கயும் இங்கயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். முன்வரிசை தமிழ்மதி ஓடிப்போயி சாக்பீஸை எடுத்து, பாத்துப் பாத்து போர்டுல எழுதுனா.

முதல்ல, பாடம் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு. எனக்கு உசுரு வந்துச்சு. அடுத்தது, ரெண்டாவது தேர்வாளருக்கு இன்னைக்குக் காலையில வேலை போயிருச்சு, ஒருத்தர் மார்க் செல்லாதுன்னு. தமிழ்மதிக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. குண்டு குண்டா எழுதி முடிச்சுட்டு, சரியா டீச்சர்னு கையால கேட்டுச் சிரிச்சா. ஜோஸ்பின் சரின்னு தலையாட்டுனா. பாவி மக, அப்பக்கூட அழல. நான்தான் அழுதேன்.

சின்னச் சான்றிதழ்தான் வந்துச்சு. செயலாளர் சார் அதைப் புரட்டிப் பாத்தாரு. "நான் கேட்டது பட்டம்மா. இதை வச்சு ரூம் குடுக்க முடியாது. பள்ளிக்கூட நேரத்துல இந்தப் பேச்சே வேணாம்."

மறுநாள் மத்தியானம், கைக்குழந்தைக வகுப்பு வரப்போகுதுன்னு யாரோ சொல்லிக் கேட்டு, செம்பட்டியிலிருந்து ஒரு பொம்பளை, இடுப்புல எட்டு மாசக் குழந்தையோட ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னா. "வகுப்பு தொடங்கிட்டீகளா டீச்சர்?"

இல்லைன்னு சொல்லப் போறாளேன்னு நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ஜோஸ்பின் சாப்பாட்டு டப்பாவை மூடுனா. "உள்ள வாங்க. இது எங்க சாப்பாட்டு நேரம், இதை யாரும் கேக்க முடியாது."

தரையில உக்காந்து குழந்தைக்குப் பின்னாடி கை தட்டுனா. திரும்பல. முன்னாடி வந்து கன்னத்தை உப்புனா. அது கையை நீட்டி அவ கன்னத்தைத் தொட்டுச்சு. "நாளைக்கும் இதே நேரத்துக்கு வாங்க"ன்னு தாய்க்காரிகிட்டச் சொன்னா.

நான் எந்திரிச்சுப் போய், செயலாளர் சார் உள்ள வந்துறாம வாசலை மறிச்சு நின்னுக்கிட்டேன்.