மூட முடியாத மைக்

வெளிநாட்டில் இருக்கிற மகள், இரவு நேரப் பேச்சு நிகழ்ச்சிகளின் துண்டுகளை என் கைபேசிக்கு அனுப்பிக்கொண்டே இருப்பாள். கோட் போட்ட ஒருவர் மேசைக்குப் பின்னால் இருப்பார், விருந்தாளி பக்கத்துக் கதிரையில். நான் காலையில் தேத்தண்ணியோடு பார்ப்பேன். என் இங்கிலீசுக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் அந்த மனுசன் கையிலிருக்கும் கேள்வி மட்டையை ஒருபக்கம் போட்டுவிட்டு, அடக்க முடியாமல் சிரிக்க, கதை எங்கே போகிறதென்று தெரியாமல் இரண்டு பேரும் கதைக்கத் தொடங்குவார்கள் பாருங்கள், அந்த இடம் மட்டும் எனக்கு முழுக்க விளங்கிவிடும்.

"உங்களுக்கு ஏனம்மா இது இவ்வளவு பிடிக்குது?" என்று மகள் கேட்டாள். டீசலும் கருவாடும் கலந்த ஒரு மணம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. அதை அவளுக்கு எப்படிச் சொல்ல?

திருகோணமலை இறங்குதுறையில் மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகுக்கு ரிக்கற் கிழித்துக் கொடுப்பதுதான் என் முதல் உத்தியோகம். எழுபதுகளின் கடைசி. துறைமுகமே என் தலையில்தான் ஓடுகிறது என்ற நினைப்பு எனக்கு. பக்கத்து அறையில் அறிவிப்பாளர் இராசநாயகம் அண்ணை, அன்புவழிபுரத்துக்காரர். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் வழியே "பயணிகளின் மேலான கவனத்திற்கு" என்று அவர் தொடங்கினால் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்குக் கொட்டாவிதான் வரும்.

கடற்காற்று பட்டுப்பட்டு, ஒருநாள் மைக்கின் சுவிட்ச் இறுகிவிட்டது. மூட முடியவில்லை. அது அண்ணைக்குத் தெரியாது. சாமான் ஏற்றி இறக்கப் பொறுப்பாயிருந்த லத்தீபு காக்கா, குறிஞ்சாக்கேணிக்காரர், வழக்கம்போல அண்ணையின் அறையில் வந்து இருந்தார். அவருக்குப் பல்வலி.

"கிராம்பு வச்சுப் பாத்தனீங்களோ காக்கா?"

"வெச்சன் அண்ணே. அதையும் முழுங்கிட்டன்."

இறங்குதுறை முழுக்கச் சிரித்தது. மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். இரண்டு பேரும் வெளியே எட்டிப் பார்த்து வெட்கப்பட்டுப் போனார்கள். புது மைக் வரும் என்றார் மனேஜர். எங்கே வந்தது! பிறகென்ன, அவர்களும் பழகிவிட்டார்கள். காக்காவுக்கு ஐந்தும் பெண்பிள்ளைகள். மூத்தவளைப் பார்க்க வந்தவர்கள் வட்டிலப்பத்தில் குறை பிடித்ததும், அண்ணை மனிசிக்கு ஒளித்துச் சுருட்டுக் குடிப்பதும் ஊருக்கெல்லாம் தெரிந்தது. சனம் லோஞ்சுக்கு வெகு முந்தியே வந்து நின்றது. கதை நல்ல இடத்தில் நிற்கும்போது லோஞ்சைத் தவறவிட்டவர்களும் உண்டு. அவர்கள் வந்து என்னோடுதான் சண்டை பிடிப்பார்கள்.

பிறகு காலம் கெட்டது. சுவரில் அரசாங்கத்துக்கு எதிராக நோட்டீஸ் ஒட்டினான் என்று அண்ணையின் ஒரே மகன் சந்திரனை ஜீப்பில் வந்து தேடினார்கள். "அவன் கொழும்புக்கு வேலைக்குப் போட்டான்" என்று அண்ணை கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். மைக்கிலும் சொன்னார். நாங்கள் நம்பினோம். தேடுகிறவர்களின் ஆட்கள் சாரம் கட்டிக்கொண்டு எங்கள் கூட்டத்துக்குள்ளேயே நிற்பார்கள். அது எல்லோருக்கும் தெரியும்.

அன்று காலை கதை, சல்லிக் கடற்கரையில் படுகிற மீனைப் பற்றி.

"சல்லிப் பக்கம் இப்ப சூடை அள்ளுப்படுதாம் அண்ணே."

"ஓமோம் காக்கா, மகன் சொல்லி விட்டவன். கரைவலை இழுத்துக் கையெல்லாம் கொப்பளமாம் அவனுக்கு..."

பேச்சு நின்றது. குழாயில் இரைச்சல் மட்டும் கேட்டது. ரிக்கற்றைப் பாதி கிழித்தபடி நான் அப்படியே இருந்தேன்.

காக்காதான் முதலில் சுதாரித்தார். பெரிதாகச் சிரித்துக்கொண்டு, "என்ட மகனத்தானே சொல்றீங்க அண்ணே! அவன் அங்கதான் நிக்கான்!" என்றார்.

நல்ல மனுசன். ஆனால் அவருக்கு மகனே இல்லையென்பது அந்த இறங்குதுறையில் யாருக்குத்தான் தெரியாது? ஐந்து பெண்களின் பெயரும் குணமும் எங்களுக்கு மனப்பாடம். அவர்தானே அந்தக் குழாயில் சொல்லித் தந்தார்! அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. "பயணிகளின் மேலான கவனத்திற்கு" என்று அண்ணை தொடங்கினார். லோஞ்சு அப்போதுதான் போயிருந்தது, அறிவிக்க ஒன்றும் இல்லை.

பாதியிலேயே விட்டுவிட்டு, செருப்பும் போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் சல்லிக்கு மிதித்தார். ஜீப் முந்திவிட்டது. சந்திரன் திரும்பி வரவேயில்லை. உடலைக்கூடக் கொடுக்கவில்லை. பிள்ளையின் கையில் கொப்பளம் என்ற கவலை, ஐயோ, அவ்வளவுதானே அந்த மனுசன் வாயில் வந்தது!

அண்ணை மறுபடி வேலைக்கு வந்தார். எழுதி வைத்த தாளைப் பார்த்து வாசிப்பார், வாசித்து முடிந்ததும் வாயை மூடிக்கொள்வார். காக்காவும் வந்து அதே கதிரையில் இருப்பார். மைக் திறந்தபடிதான். இரண்டு பேரும் மூச்சு விடுவது குழாயில் கேட்கும். சனம் லோஞ்சு நேரத்துக்குச் சரியாக வந்து, ஏறிப் போய்விடும்.

அந்தக் கம்பம் இப்போது இல்லை. பாலங்கள் வந்தபின் மூதூருக்குச் சனம் பஸ்ஸில் போகிறது. காக்கா மௌத்தாகிக் கனகாலம். அண்ணை சாகுமுன் ஒருமுறை அன்புவழிபுரம் போய்ப் பார்த்தேன். வீட்டில் எங்கள் இரண்டு பேரையும் தவிர ஒருவரும் இல்லை.

"சாப்பிட்டீங்களோ அண்ணை?" என்றேன்.

பதில் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார். முன்னாலிருந்த வெறும் மேசைக்கு மேல் கையை நீட்டி, அங்கே இல்லாத மைக்கைப் பொத்திக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார்.