உதட்டில் வந்த அக்கி

கல்யாணமாகி இரண்டாவது வருடம், டெல்லி ஆர்.கே.புரத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, வெளியே சொல்ல முடியாத இடத்தில் எனக்குக் கொப்புளங்கள் வந்தன. கூடவே காய்ச்சல். சிறுநீர் கழித்தால் உயிர் போனது. என் கணவர் ஆபீஸ் வேலையாக அடிக்கடி கான்பூர் போய்வருவார். இந்த மாதிரிப் புண் எப்படி வரும் என்று ஊரில் பெண்கள் கிசுகிசுத்ததைக் கேட்டு வளர்ந்தவள் நான். அவரிடம் எதுவும் கேட்கவில்லை. முகம் கொடுத்துப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

நடக்கவே முடியாமல் போனபிறகுதான் டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கிருந்த பஞ்சாபி டாக்டரம்மா என்னைப் பரிசோதித்துவிட்டு, என் கணவரையும் உள்ளே கூப்பிட்டார். சமீபத்தில் யாருக்காவது உதட்டில் கொப்புளம் வந்ததா என்று இந்தியில் சத்தமாகக் கேட்டார். திரைக்கு வெளியே, பெஞ்சில் எங்கள் பிளாக்குப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

காய்ச்சல் வந்தால் தனக்கு வரும், வீட்டில் அக்கி என்பார்கள் என்றார் கணவர். போன வாரமும் வந்திருந்தது. அந்த உதடு எங்கெல்லாம் பட்டது என்பதை டாக்டர் குரலைத் தணித்துத்தான் கேட்டார். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம். டாக்டருக்கு அதுவே போதுமாக இருந்தது.

அதன் பெயர் ஹெர்பீஸ் என்றார். உதட்டிலிருந்து கீழேயும் தொற்றும். யாரும் தப்பு வழியில் போயிருக்க வேண்டியதில்லை. உதடு குறுகுறுக்கத் தொடங்கியதிலிருந்து நன்றாக ஆறும்வரை விலகியிருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கலாம். புண் தெரியாதபோதும் சில சமயம் பரவும். கிருமி உடம்பிலேயே தங்கிவிடும், திரும்பவும் வரலாம்; வரும்போது சேரக் கூடாது. பிரசவத்தின்போது மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "நான் வேற எங்கயும் போகல."

"தெரியும்" என்றேன். அன்று காலைவரை தெரியாது. கூசிப்போனேன்.

பின்னால் பிரசவ வார்டில் கூட்டத்துக்கு நடுவே, அரைகுறை இந்தியில், எனக்கு ஹெர்பீஸ் வந்ததை டாக்டரிடம் சொன்னேன். நல்லவேளையாகக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்த சில நாட்களில் அவர் உதட்டில் மறுபடி கொப்புளம். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வார், முகத்தருகே கொண்டுபோகமாட்டார். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, அதைக் கவனித்துவிட்டு, பெண் பிறந்ததில் அவருக்கு வருத்தமா என்று என்னிடமே கேட்டார்.

"அவருக்கு உதட்டுல அக்கிக்கா. முத்தம் குடுத்தா குழந்தைக்கு ஆகாது" என்றேன்.

மற்றதை அந்த அக்காவிடம் மட்டுமல்ல, டாக்டர்களைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.